நேற்று வந்த பட்டன்காரர்

அந்தப் பழைய மொத்தச் சந்தையில் ஒரு பேச்சு வழக்கம் உண்டு. முப்பது வருஷமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த ஸ்டூலின் நாலு காலையும் தேய்த்துவிட்ட ஆளிடம் போய், "எத்தனை வருஷமாக் கடை வச்சிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நேத்து வந்தவன்தானேங்க நானு" என்பார். அடக்கம் பாதி, கண்பட்டுவிடும் என்ற பயம் பாதி. பத்து வருஷக்காரர் "இப்பத்தான் ஏதோ..." என்று இழுப்பார். போன வாரம் வந்து பெட்டி பிரித்தவன் மட்டும்தான், "தலைமுறை தலைமுறையா இதே இடம் சார்" என்று நெஞ்சை நிமிர்த்துவான். சரக்கு வாங்க வருகிறவர்களுக்கும் இது அத்துப்படி. நேற்று வந்தவன் என்று சொல்கிற கடையாகப் பார்த்துத்தான் நுழைவார்கள். இது புரியாத ஒரே கூட்டம், பட்டம் வாங்கி மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிற கூட்டம். நம் பட்டன்காரர் அவர்களிடம்தான் போய் மாட்டிக்கொண்டார்.

பட்டன்காரர் என்றால் பட்டன் மட்டும்தான். சட்டை பட்டன், கோட்டு பட்டன், குழந்தைச் சட்டைக்கு முயல் முகம் போட்ட பட்டன். சுவர் முழுக்க இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கிற ரகத்தில் ஒரு பட்டன் ஒட்டியிருக்கும். தையற்காரர் யாராவது ஒற்றைப் பட்டனைக் கொண்டுவந்து "இதுக்கு ஜோடி வேணும்" என்றால், கண்ணை மூடி அதைக் கட்டை விரலால் ஒரு உருட்டு உருட்டுவார். "நூல் போக நாலு கண்ணு, உள்ள பள்ளம், விளிம்பு மழுங்கல். மூணாவது வரிசை, கீழ இருந்து ரெண்டாவது." இழுத்துப் பார்த்தால் அதேதான் இருக்கும். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தக் கடையைத் தவிர அவருக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு இடமும் கிடையாது.

கூடவே மச்சினன் இருந்தான். சம்சாரத்தின் தம்பி. மூன்று வேலையில் நிலைக்காமல், எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவன். பட்டன்காரர் கடையில் சேர்த்துக்கொண்டார், தொழில் சொல்லிக்கொடுத்தார். பயலுக்கு நாலு கண்ணுக்கும் ரெண்டு கண்ணுக்கும் கடைசி வரை வித்தியாசம் பிடிபடவில்லை. பேச்சு மட்டும் நன்றாகப் பிடிபட்டது. அந்தப் பேச்சே அவனை வியாபாரிகள் சங்கத்தின் செயலாளராக்கியது. வாய்க்கு வாய் மாமா, மாமாதான். பட்டன்காரருக்கு உள்ளூரப் பெருமை.

இப்படி இருக்கையில்தான் 'பழஞ்சந்தை வரலாற்றுப் பாதுகாப்பு மற்றும் கொள்முதல் அனுபவ மேம்பாட்டு ஆணையம்' வந்து இறங்கியது. பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாததால் சந்தைக்காரர்கள் அனுபவ ஆணையம் என்று சுருக்கிக்கொண்டார்கள். ஆணையர் முதல் நாளே மேடை போட்டுப் பேசினார்.

"இந்தச் சந்தையின் ஆன்மாவைக் காப்பாற்றவே நாங்கள் வந்திருக்கிறோம். இருநூறு ஆண்டு வரலாறு இங்கே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. எதனால்? வியாபாரத்தால். வருகிறவர் நின்று ரசிக்க முடியவில்லை. குறுக்கே மூட்டை வருகிறது, ஓரம்போ ஓரம்போ என்கிறார்கள். மூட்டைக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. மூட்டை இருக்கலாம். உள்ளே சரக்குதான் இருக்கக் கூடாது. மக்கள் எங்களிடம் சாமான் கேட்கவில்லை, அனுபவம் கேட்கிறார்கள். சாமான் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்!"

கைதட்டல் பலமாக இருந்தது. பட்டன்காரரும் தட்டினார். பெரிய மனிதர் இவ்வளவு தூரம் வந்து கத்துகிறாரே என்ற மரியாதைதான், வேறொன்றுமில்லை.

மறுவாரம் கணக்கெடுப்பு. வரலாற்று அலுவலர் என்று ஒரு அம்மாள் படிவம் ஏழோடு கடை கடையாக வந்தார். சங்கத்தின் சார்பில் சாட்சிக் கையெழுத்துப் போட மச்சினன் கூடவே வந்தான். பட்டன்காரர் துண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, எல்லாருக்கும் டீ சொல்லி அனுப்பினார்.

"சந்தையின் வாசனையை மூன்று சொற்களில் கூறுக" என்று அம்மாள் படித்தார்.

பட்டன்காரர் யோசித்தார். "தூசி, தூசி, தூசி."

"அருமை. இங்கே வியாபாரம் செய்வது உங்கள் மனத்தில் என்ன நிறமாகத் தோன்றுகிறது?"

"நிறமா? எல்லா நிறமும் வச்சிருக்கேம்மா. வெள்ளைதான் நெறைய போகும்."

"கடைசிக் கேள்வி. எப்போதிலிருந்து இங்கே இருக்கிறீர்கள்?"

பட்டன்காரர் பல் தெரியச் சிரித்தார். "நேத்து வந்தவன்தானேம்மா நானு."

அம்மாள் 'நேற்று' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். மச்சினன் அந்தப் பேனாவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். பிறகு சாட்சி என்ற இடத்தில் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டான். டீ நன்றாக இருந்தது என்று அம்மாள் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்துச் சந்தை வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். அதைப் பார்த்துச் சந்தையே வாய்விட்டுச் சிரித்தது. நாற்பது வருஷமாகப் பூட்டு விற்கிற பூட்டுக்காரர் 'புதுவரவு'. நூல் கடை, கத்தரிக்கோல் கடை, நம் பட்டன்கடை, அத்தனை பழம் பெருச்சாளிகளும் 'புதுவரவு'. போன மாதம் செல்போன் உறை விற்க வந்த தலை சீவாத பையன் 'நூற்றிருபது ஆண்டுப் பரம்பரையர்'. அவன் கடை முன்னால் கல்வெட்டு வைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலுக்கு அடியில் பொடி எழுத்தில், புதுவரவினர் முப்பது நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. அதைப் படித்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"எழுத்துப் பிழை மாமா. நான் பாத்துக்கறேன், நீங்க அலையாதீங்க" என்றான் மச்சினன்.

அவன் பார்த்துக்கொள்வான் என்று பட்டன்காரர் நிம்மதியாகத் தூங்கினார். பத்தாம் நாள் கேட்டதற்கு, "பேசிட்டேன் மாமா, முடிஞ்ச மாதிரிதான்" என்றான். இருபதாம் நாளும் அதையே சொன்னான். இருபத்தாறாம் நாள் சம்சாரம், "முடிஞ்ச மாதிரின்னா முடிஞ்சுதா இல்லையா? நீங்களே ஒரு நடை போய் நில்லுங்களேன்" என்றாள். போனார்.

ஆணைய அலுவலகத்தில் எண் சீட்டுக் கொடுத்து, 'காத்திருக்கும் அனுபவம்' என்று எழுதிய பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மத்தியானம் தாண்டித்தான் வரலாற்று அலுவலர் கூப்பிட்டார்.

"அம்மா, நான் சொன்னது பேச்சுக்கு. எங்க சந்தையில எல்லாருமே அப்படித்தான் சொல்வோம். கடை போட்டு முப்பத்தோரு வருஷம் ஆச்சு. இந்தாங்க வாடகைச் சீட்டு."

அம்மாள் சீட்டை விரல் நுனியால் தள்ளினார். "இது காகிதம். காகிதம் பொய் சொல்லும். எங்கள் ஆணையம் வாய்மொழி வரலாற்றைத்தான் மதிக்கிறது. சாதாரண மனிதரின் குரல் புனிதமானது. இதற்காகவே மூன்று கருத்தரங்கு நடத்தியிருக்கிறோம்."

"அந்தச் சாதாரண மனுஷன் நான்தானேம்மா. இப்ப சொல்றேன், முப்பத்தோரு வருஷம்."

"முதலில் வருவதுதான் குரல். பிறகு வருவது கோரிக்கை. கோரிக்கைக்குப் படிவம் பதினொன்று."

பட்டன்காரர் சந்தைப் பக்கம் கை காட்டினார். "கடை வாசப்படியைப் போய்ப் பாருங்க. நான் மிதிச்சு மிதிச்சே கல்லு குழி விழுந்து கெடக்கு."

"பார்த்தாகிவிட்டது. நிபுணர் அளந்துவிட்டார். ஒன்றரை அங்குலத் தேய்மானம், அற்புதமான பாரம்பரியச் சின்னம். அதை இனி யாரும் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறோம். முக்கியமாக நீங்கள் மிதிக்கக் கூடாது."

படிவம் பதினொன்றை மூன்று பிரதியில் எழுதிக் கொடுத்ததன் பேரில், இருபத்தொன்பதாம் நாள் விசாரணை வைத்தார்கள். ஆணையரே தலைமை. சாட்சிக்கு மச்சினனைக் கூப்பிட்டார்கள். பட்டன்காரருக்கு உயிர் வந்தது. நம்ம பயல் இருக்கிறான், ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மச்சினன் தொண்டையைச் செருமினான். "ஐயா, எட்டு வருஷமா மாமா சோத்தைத் தின்னு வளந்தவன் நான். அவர் விஷயத்துல பொய் சொல்ல என் நாக்கு கூசும்."

பட்டன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதனால உள்ளதைச் சொல்றேன். அன்னிக்கு அவர் வாயால 'நேத்து வந்தவன்'னுதான் சொன்னாரு. என் ரெண்டு காதால கேட்டேன்."

பட்டன்காரர் எழுந்துவிட்டார். "டேய்! அந்தப் பேச்சுக்கு நம்ம சந்தையில என்ன அர்த்தம்னு சொல்லுடா!"

"பேச்சுக்கு என்ன மாமா அர்த்தம்? சொன்னதுதான் அர்த்தம்."

"ஐயா, எட்டு வருஷமா என் சோத்தைத் தின்னேன்னு அவனே ஒத்துக்கிட்டான். நேத்து வந்தவன் எட்டு வருஷமா எப்படிய்யா சோறு போடுவான்?"

ஆணையர் கையமர்த்தினார். "சோறு வீட்டில் போட்டிருப்பீர்கள். இது கடை பற்றிய விசாரணை. உணர்ச்சிவசப்படாதீர்கள். உண்மையில் உங்கள்மேல் எங்களுக்குப் பொறாமை. ஒரே நாளில் இவ்வளவு பட்டன்களை அடுக்கியிருக்கிறீர்களே! ஆனால் சட்டம் உழைப்பைப் பார்ப்பதில்லை, பதிவைத்தான் பார்க்கிறது. எங்களுக்கும் உழைப்பைப் பார்க்காமல்தான் பதவி கொடுத்தார்கள். நாங்கள் குறைபட்டுக்கொண்டோமா?"

தீர்ப்பை அங்கேயே வாசித்தார்கள். கடையும் இழுப்பறைகளும் ஸ்டூலும் உள்ளே இருக்கிற பட்டன்களும் பாரம்பரியச் சொத்து, அசைக்கக் கூடாது. ஆள் மட்டும் ஆக்கிரமிப்பு, அகற்றப்பட வேண்டும். காலியாகும் கடை, ஐந்து தலைமுறையாகப் பட்டன் தொழில் செய்துவரும் பரம்பரையர் ஒருவருக்கு ஒதுக்கப்படுகிறது. அந்தப் பரம்பரையரின் பெயரை எழுத்தர் படித்தபோது, அது மச்சினனின் பெயராக இருந்தது. மச்சினனின் அப்பா ஆயுசு முழுக்கத் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவர். அவர் சட்டைக்கே பட்டன் சரியாக இருந்ததில்லை.

வெளியே படியிறங்கும்போது பட்டன்காரர் அவனைப் பிடித்து நிறுத்தினார். "ஏண்டா?"

"கோவப்படாம கேளுங்க மாமா. எப்படியும் உங்களை எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. கடை எவனோ வெளியாளுக்குப் போறதுக்கு, நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டுமேன்னுதான்... உங்களுக்காகத்தான் மாமா பண்ணேன்."

"படிவத்துல அஞ்சு தலைமுறைன்னு எப்ப எழுதிக் குடுத்தே?"

மச்சினன் செருப்பு வாரைச் சரிசெய்தான். "அது... ஆணையம் வந்த முதல் வாரமே."

பட்டன்காரருக்கு ஆத்திரம்கூட வரவில்லை. ஆணையம் கழுத்தறுத்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. யாரோ எவரோ, முகம் தெரியாதவர்கள். இவன் தன் கையைப் பிடித்துப் பட்டனை உருட்டிப் பழகியவன். டீயைக் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறான், முப்பது நாள் 'நான் பாத்துக்கறேன்' என்று சொல்லித் தன்னைத் தூங்க வைத்திருக்கிறான். அதுதான் பெரிதாகப் பட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னார். சம்சாரம் பாத்திரத்தைத் தரையில் போட்டாள். "என் தம்பின்னு பாக்காதீங்க, போய் நாலு அறை விட்டுட்டு வாங்க!" என்று கத்தினாள். கத்திவிட்டு அவளே சுவரோடு சாய்ந்து, "நான்தானே அவனைக் கடையில சேத்துக்கச் சொன்னேன், என்னைச் சொல்லணும்" என்று அழுதாள்.

மூன்று மாதம் பட்டன்காரர் வீட்டில் சும்மா கிடந்தார். கை பரபரக்கும். கொடியில் காய்கிற சட்டைகளின் பட்டனையெல்லாம் உருட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர், "என் சட்டையில என்னங்க தேடறீங்க?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் மச்சினன் வந்தான். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான். கண் சிவந்திருந்தது.

"மாமா, தூக்கமே இல்ல. நான் பண்ணது தப்புதான். ஆணையத்துல சண்டை போட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன். திறப்பு விழா அன்னிக்கு உங்களைக் கௌரவிக்கறாங்க. கடைக்குள்ள நடுச் சுவத்துல உங்க படம் மாட்டறாங்க. இந்தக் கடையை உண்டாக்கினவர்னு கீழ எழுதறாங்க. ஒரு போட்டோ மட்டும் குடுங்க."

சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பட்டன்காரர் எழுந்து உட்கார்ந்தார். மனசு இருக்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாது. மூன்று மாதம் எரிந்தது, 'உண்டாக்கினவர்' என்ற ஒரு சொல்லில் இளகிவிட்டது. கடை திரும்பாவிட்டால் போகிறது, உண்மையை எழுதி மாட்டுகிறார்களே! கடையின் பத்தாம் வருஷத்தில் ஸ்டுடியோவில் எடுத்த படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, உம்மென்ற முகம். மச்சினன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

திறப்பு விழாவுக்கு இருவரும் தேய்த்த துணி உடுத்திப் போனார்கள். வாசலில் ஆளுக்கொரு நுழைவுச் சீட்டு வாங்கச் சொன்னார்கள். "நான் இங்க கடை வச்சிருந்தவன்ப்பா" என்றார். "அதுக்குச் சலுகை இல்லீங்க, முதியோருக்கு இருக்கு" என்றான் சீட்டுக்காரன். சந்தை கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. தூண்களில் ஒலிபெருக்கி கட்டி, 'ஓரம்போ ஓரம்போ' என்ற சத்தத்தைப் பதிவு செய்து போட்டிருந்தார்கள். சீருடை போட்ட சுமைக்காரர்கள் பஞ்சு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, படம் பிடிக்கிறவர்களுக்காக நின்று நின்று நடந்தார்கள். 'பேரம் பேசும் அனுபவ'க் கடையில் ஒரு பெண் முதல் விலைக்கே சரி என்றுவிட்டாள். "இப்படிச் செய்தால் எப்படி அம்மா? நான் இரண்டு முறை கட்டுப்படியாகாது என்று சொல்ல வேண்டுமே" என்று விற்பனையாளர் கடிந்துகொண்டார். எல்லாவற்றையும்விட நீளமான வரிசை 'ஏமாற்றப்படும் அனுபவம்' என்ற இடத்தில் நின்றது. ஏமாந்து முடித்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

"அதுல நாம நிக்க வேண்டியதில்ல, வா" என்றார் பட்டன்காரர். மூன்று மாதத்தில் அன்றுதான் சம்சாரம் சிரித்தாள்.

வழியில் பழைய வாடிக்கைத் தையற்காரர் ஒருவர், கையில் ஒற்றைப் பட்டனோடு காவலாளியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். "பட்டன் விக்கறதில்லைங்க. பட்டனைப் பாக்கலாம்" என்று காவலாளி பொறுமையாகச் சொன்னான்.

பட்டன்கடை முன்னால் கூட்டம். உள்ளே மச்சினன் பட்டுத் துணியில் தைத்த பழங்காலத்து உடுப்பும் தலைப்பாகையுமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நடுச் சுவரில் பெரிய சட்டத்தில் படம் தொங்கியது. முதலில் பட்டன்காரருக்கு அது தன் படம்தானா என்றே தெரியவில்லை. முழுக்கப் பழுப்பு பூசியிருந்தார்கள். பையிலிருந்த பேனாவை அழித்துவிட்டு, மீசையை முறுக்கிவிட்டிருந்தார்கள். கீழே சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. அதன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார்: 'இக்கடையை நிறுவியவர். ஐந்து தலைமுறைக்கு முன் மறைந்த எங்கள் முப்பாட்டனார்.'

ஆணையர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஒவ்வொரு பரம்பரைக் கடைக்கும் மறைந்த நிறுவனர் ஒருவர் அவசியம் என்பது எங்கள் விதி. உயிரோடு இருப்பவர்கள் வரலாற்றுக்கு ஒத்துழைப்பதில்லை, குறுக்கே பேசுகிறார்கள், மனுப் போடுகிறார்கள். இந்தப் பெரியவரைப் பாருங்கள். என்ன அமைதி! இப்படிப்பட்டவர்களைத்தான் நாம் கொண்டாட வேண்டும். அன்னாருக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

கூட்டம் தலை குனிந்தது. சம்சாரம் தன் புருஷனைக் கை நீட்டிக் காட்டினாள். "யோவ், இவர் உசுரோட இங்க நிக்கறாருய்யா! எம் புருஷன்யா!" என்று அலறினாள்.

வரலாற்று அலுவலர் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். "மௌனம் அம்மா, மௌனம். மறைந்தவருக்கு மரியாதை கொடுங்கள்."

பட்டன்காரர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம் என்பது அவ்வளவு நீளம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. சுற்றி நின்ற முன்பின் தெரியாத இருநூறு பேர் அவருக்காகத் தலை குனிந்து நின்றார்கள். ஸ்டூலில் இருந்தவன் மட்டும் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்க்காதவன் மாதிரி இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பார்.

நிமிஷம் முடிந்து, கூட்டம் அடுத்த கடைக்கு நகர்ந்தது. மச்சினன் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். அக்காவைப் பார்க்கவில்லை. நாலு பக்கமும் பார்த்துவிட்டு, மாமாவின் காதோரம் குனிந்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க இந்தப் பக்கம் வர வேணாம். படத்தையும் உங்களையும் மாறி மாறிப் பாத்து ஜனங்க குழம்பறாங்க."

பட்டன்காரர் சுவரில் தொங்கிய தன் முகத்தைப் பார்த்தார். எட்டு வருஷம் தன் சோற்றைத் தின்ற முகத்தையும் பார்த்தார்.

"வர மாட்டேன்டா. செத்தவன் எப்படிடா வருவான்?"

மச்சினன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா" என்றான்.